சுடலைமுத்து அடித்த சீட்டி

1996 ஆகஸ்ட் 14, புதன்

ஆழ்வார்குறிச்சியில் ஆடு மேய்க்கும் சுடலைமுத்துவுக்குக் காதோரம் புற்றுக்கட்டி. முகத்தை அசைக்கும் நரம்பு அதன் நடுவே ஓடியது. நேற்று ஆபரேஷனில், எனக்குப் பயிற்சி தரும் சார் முதன்முறையாகக் கத்தியை என்னிடம் கொடுத்தார். பாதியில் ரத்தம் பெருகி எதுவும் தெரியவில்லை. கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பைய போம்மா. நரம்பு எங்கனயும் ஓடிராது" என்றார்.

இன்று காலை முகமெல்லாம் வீக்கம். வாய் கோணியிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் பயந்துகொண்டே, "உதட்டைக் குவிச்சு ஊதுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் சீட்டியே அடித்துவிட்டார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஆஸ்பத்திரியிலயா ஆடு மேயுது?" என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி அழுதார்.

கட்டி முழுதும் வெளியே வந்துவிட்டதா என்பது பரிசோதனை முடிவு வந்தால்தான் தெரியும். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

சாரிடம் நன்றி சொல்லப் போனேன். "எனக்கு எதுக்கு? புதுக் கைன்னு சொல்லியும் சம்மதிச்சாரே, அவர்ட்ட சொல்லு" என்றார்.

வார்டுக்குத் திரும்பி வந்தபோது சுடலைமுத்து தூங்கிவிட்டிருந்தார். இரண்டு கண்ணும் ஒன்றுபோல் மூடியிருந்தன. அந்த நரம்பை நான் அறுத்திருந்தால் ஒன்று மூடாமலே கிடந்திருக்கும். எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.