பதினேழாம் பெட்டியின் கைப்பிடி

விண்கலப் பதிவேடு, பயண நாள் 611, 06:00
இந்த முறை காவலுக்கு விழித்திருப்பவர்: தையல்நாயகி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. மற்ற நாற்பது பேரும் நெடுந்தூக்கப் பெட்டிகளில். காற்றழுத்தம் சரி. நீர் சரி. மூன்றாம் வரிசையில் பதினேழாம் பெட்டியின் சூடேற்றி பழுது. உள்ளே இருப்பவர் தீர்த்தாரப்பன், என் கணவர். அவசரக் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருக்கிறேன். அழுத்திப் பிடித்திருக்கும்வரை வரிசையின் மின்சாரம் அவர் பெட்டிக்குக் கூடுதலாகப் போகும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

நாள் 612, 06:20
கை மரத்துவிட்டது. கைப்பிடியைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டேன்.
அவருடைய மூளை அலை மிகச் சிறியது. வகுப்பில் சொல்வேன்: அளவுகோலின் சின்னக் கோட்டுக்கும் கீழே இருப்பதைப் பூஜ்யம் என்று எழுதாதே, ‘அளக்க முடியவில்லை’ என்று எழுது. அப்படியே பதிந்திருக்கிறேன்.

நாள் 614, 09:05
பக்கத்துப் பெட்டிகள் குளிர்கின்றன. தெருக்குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடுத்த வீடுகளுக்குத் தண்ணீர் வராது. அதே கணக்குதான்.
பதினெட்டில் ஷாஹிதா, வெல்டர். புறப்பட்ட அன்று அறுந்த என் செருப்பு வாரை ஒட்டித் தந்தவள். அவள் உடல் வெப்பம் எல்லைக்குக் கீழே.
பின்னால் வரும் கலத்தின் பொறியாளர் புஷ்பராஜுக்கு அனுப்பிய செய்தி: “பதினேழின் கைப்பிடியைக் கட்டி வைத்திருக்கிறேன், பக்கத்துப் பெட்டிகள் குளிர்கின்றன. என் பெட்டி காலியாக இருக்கிறது. அதை நிரந்தரமாக அணைத்துவிடுகிறேன். எனக்கு இனித் தூக்கம் வேண்டாம், வழியிலேயே என் ஆயுள் முடிந்தாலும் சரி. அந்த மின்சாரம் போதுமா?”

நாள் 614, 11:40
பதில்: “டீச்சரம்மா, காலிப் பெட்டிக்குக் கரண்டே போகலையே. சாப்ட்டு முடிச்ச எலையத் தானம் பண்ணுதேங்கீய. கைப்பிடியக் கட்டியா வச்சிருக்கீய? அய்யோ. அவுத்து விடுங்கம்மா. அந்த வரிசை இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும். எட்டுப் பேரு கெடக்காவ. அண்ணாச்சிய எனக்கும் தெரியும். இதச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல.”

நாள் 615, 07:30
சாப்பிட்டேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை.
காசிக்குப் போனால் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். நாங்கள் போனபோது அவர் பாகற்காயை விட்டார். பிறந்ததிலிருந்து அதைத் தொட்டதில்லை. நான் கொய்யாவை விட்டேன், விதை பல்லில் மாட்டும். படகில் இருவரும் சிரித்தோம்.
நேற்று நான் கொடுக்க முன்வந்ததும் பாகற்காய்தான். அவர் இல்லாமல் போய் இறங்க எனக்கு விருப்பமே இல்லை. வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.
கட்டு அப்படியே இருக்கிறது.

நாள் 615, 15:10
புஷ்பராஜ்: “அவுத்தாச்சா? என்னத் திட்டணும்னா திட்டுங்க டீச்சரம்மா. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். பேசாம மட்டும் இருக்காதீய.”


நாள் 616, 08:00
ஷாஹிதாவின் நாடி தடுமாறுகிறது. முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். கைப்பிடி தானாக மேலே எழுந்தது.
தியாகம் என்றால் எடுத்துக் கொடுப்பது என்று பல வருடங்கள் சொல்லித் தந்திருக்கிறேன். நான் எதையும் கொடுக்கவில்லை. பிடித்திருந்ததை நிறுத்தினேன். அவர் என் கையில் இருந்ததே இல்லை, துண்டுதான் இருந்தது.
புண்ணியமோ அமைதியோ ஏதாவது வரும் என்று சற்று நேரம் நின்றேன். வரவில்லை. வந்திருந்தால் அது பண்டமாற்று.
புஷ்பராஜுக்கு ஒரு வரி: “விட்டாயிற்று.”

நாள் 616, 08:50
பதினெட்டு: வெப்பம் ஏறுகிறது. பத்தொன்பது: ஏறுகிறது. வரிசை சரி.
பதினேழின் கண்ணாடியில் பனி படிகிறது. நெற்றிவரை மறைந்துவிட்டது. துடைக்கிறேன்.

08:58
பனி கண்ணாடியின் உட்புறம் இருக்கிறது, துடைத்தால் போகாது. தெரியும்.
துடைக்கிறேன்

09:20
துடை