இரண்டுக்குக் கீழே

ஹார்மன், அயோவா
1953 செப்டம்பர் 2

என் அருமை வெண்டலுக்கு,

சுகம்தானே? பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, வீடே இரண்டுபடுகிறது. நீயோ வாரத்துக்கு நாலு வரி எழுதுகிறாய், அதில் மூன்று வரி பஸ் பழுதான கதை!

பேஸ்பாலில் பிட்சராக முதல் வருஷம், 135 சுற்று பந்து வீசி, எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததாக உன் கணக்கில் 31 ஓட்டம்தான். ஒன்பது சுற்றுக்கு 2.07. நிஜமாகவே வாயைப் பிளக்கிறேன். ஆனாலும் நீ எனக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். சராசரி இரண்டுக்குக் கீழே வந்தால் மேல் அணிக்கு அனுப்புவதாக உங்கள் மேனேஜர் சொன்னாரே, போ. இல்லையென்றால் வீட்டுக்கு வந்து என் அப்பாவின் சோளக் கிடங்கில் வேலை. கடைசி ஆட்டத்தில் உன் கணக்கில் ஒரு ஓட்டம்கூட ஏறக்கூடாது.

உன் எல்வா


கெட்டர், நெப்ராஸ்கா
1953 செப்டம்பர் 8

கண்ணான எல்வாவுக்கு,

நாலுக்கு மூன்று, ஜெயித்தோம். பேப்பரில் என் சராசரி 1.94 என்று பார்த்திருப்பாய். அது இப்போது 2.13. திட்டுவதற்கு முன் முழுக்கப் படி.

ஆறாவது சுற்று, இரண்டு பேர் அவுட். எங்கள் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நின்று பந்தைத் தடுக்கிற ஆர்லோவிடம், எதிரணிக்காரன் அடித்த பந்து தரையோடு போனது. குனிந்தான். கூழாங்கல்லில் பட்டு அவன் தாடைக்கு எகிறிவிட்டது. எவனாலும் பிடித்திருக்க முடியாது; அடித்தவன் முதல் தளத்துக்கு ஓடிவிட்டான். ஸ்கோர் எழுதும் டன்லப் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர், கல் அவர் கண்ணில் படவில்லை; பிடிக்க வேண்டிய பந்தை விட்டது ஆர்லோவின் பிழை என்று போட்டுவிட்டார். அடுத்தவனுக்கு நாலு பந்தைத் தப்பாக வீசி முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிட்டேன், அதற்கடுத்தவன் வேலிக்கு வெளியே அடித்தான். மூன்று ஓட்டம். பிழையால் வந்தவை என்பதால் என் கணக்கில் ஏறவில்லை.

ஆனால் ஆர்லோவுக்கு அது நாற்பதாவது பிழை. நாற்பதைத் தொட்டால் மூட்டையைக் கட்டு என்று மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். தாடையில் ஐஸை வைத்துக்கொண்டு, "விடுடா, உன் நம்பராவது தப்பிச்சுதே" என்று சிரித்தான். எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கோர் தாள் லீக்கின் தலைமை அலுவலகத்துக்குப் போவதற்குள் டன்லப்பைப் பிடித்து, கல்லைக் காட்டினேன். "பதினஞ்சு வருஷமா எழுதறேன் தம்பி. எதிராளியோட நல்ல அடியைக் கூட ஆடறவன் பிழைன்னு மாத்துங்கன்னு சண்டைக்கு வராத பிட்சரே இல்ல. பிழையை அடின்னு மாத்தி என் தலையில போடுங்கன்னு வந்தவன் நீ ஒருத்தன்தான். கிறுக்கா உனக்கு?" என்றார். அப்புறம் ரப்பரை எடுத்து அழித்து, 'அடி' என்று எழுதினார்; மூன்று ஓட்டமும் என் கணக்கில் ஏறியது, ஆர்லோ முப்பத்தொன்பதிலேயே நின்றான்.

கொடுத்த வாக்கு மாறாது. பத்தொன்பதாம் தேதி வருகிறேன். கிடங்கு வேலைக்கு அப்பாவிடம் சொல்லிவிடு.

உன் வெண்டல்


ஹார்மன்
1953 செப்டம்பர் 11

என் வெண்டலுக்கு,

படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். "மடையா, மடையா" என்று நான் கத்தியதில் பாப்பா பயந்து அழுதாள்.

மறுபடி படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கல்லைப் பார்த்தவன் நீ ஒருத்தன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நீ ஆசைப்பட்டது கையில் இருந்தது. வருஷம் முழுக்க உன் நம்பரைப் பார்த்து வியந்தேனே, இதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்பேர்ப்பட்ட மனுஷனோடா குடித்தனம் நடத்துகிறேன் என்று கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "வெண்டல் வேலைக்கு வரலைப்பா. வேற ஆளைப் பாருங்க."

"ரெண்டைத் தாண்டிருச்சுன்னியே?"

"தாண்டட்டும்" என்றேன்.

அந்த வாக்கை வாங்கினவள் நான், நானே அதை விட்டுக்கொடுக்கிறேன். அடுத்த வசந்தத்தில் எந்தச் சின்ன ஊர் அணி கூப்பிட்டாலும் போ. நானும் பாப்பாவும் கூட வருகிறோம். மறுத்துப் பேசாதே.

என்றும் உன்
எல்வா