ஏரியின் அக்கரைக்கு எண் சொல்லும் வேலை

என்னங்க,

நம் வீட்டு இணையத்தை ஏரி தாண்டி மகளின் கடைக்குக் கொண்டுசெல்லும் ஆன்டெனாவை இன்று பத்து மணிக்குப் பொருத்துகிறார்கள். அக்கரைக் கம்பத்தில் ஏறியவர் அதை விரலளவு திருப்பத் திருப்ப, நம் கணினியில் தெரியும் சிக்னல் எண்ணை இங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் வாசிக்க வேண்டும். எண்ணுக்கு முன் மைனஸ் குறி இருக்கும்; அதனால் எண்பது, அறுபதாக இறங்கினால் நன்று.

அங்கே கைப்பேசியைப் பிடித்திருப்பவள் நம் மகள்தான். இங்கே எண் வாசிப்பது நீங்கள் என்று அவளிடம் சொன்னேன். "அப்பாவா? அவர் வாயத் திறக்கறதுக்குள்ள கம்பமே துருப்பிடிச்சிடும்மா" என்றாள், சிரிக்கவில்லை.

நான் வேண்டுமென்றேதான் வெளியே செல்கிறேன். கடை திறந்த நாள்முதல் ஐந்து மாதங்களாக நீங்கள் அவளோடு பேசாதது போதும். கோபத்தை மதியத்திற்குப் பின் தொடர்ந்துகொள்ளலாம்.

சாப்பாடு மூடியிருக்கிறது.

பி.கு.: எண் சரியான பின்னும் அவள் அழைப்பைத் துண்டிக்காவிடில், நீங்களும் துண்டிக்காதீர்கள்.