பறி கடித்த புண்ணும் முள்சீத்தாப் பழமும்

தோணிரேவு,
புதன்கிழமை

அன்பு மகள் சந்தியாவுக்கு, உன் நைனா எழுதுவது.

நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் நலம், ஆடு இரண்டும் நலம், உன் அம்மா நலமாக இல்லை. அந்த மலையில் நீயாவது சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கன்னியம்மாவைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது நைனா ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் உன் அம்மா மடியில் இருக்கிறது, நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போதும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுகிறாள். நண்டு வண்டி துளசிங்கம் போனிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், உன் தோட்டத்தில் டவர் கிடைக்கவில்லை. போன ஞாயிறு, புண்ணு ஆறிப்போச்சி, நீ கவலப்படாதன்னு அவள் உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்காகவே என்னை நீ செருப்பால் அடிக்கலாம்.

புண் சித்திரையிலேயே வந்துவிட்டது, இடது கன்னத்து உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேராக. நம் பெண்கள் தண்ணீரில் தவழ்ந்துகொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள், கை ஒழியாததால் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதானே போவார்கள், பறி நிறைய நிறைய அதன் விளிம்பு வாயை அறுக்கும், இந்த ஊரில் வாயில் புண் இல்லாத பெண் யார் இருக்கிறாள். அதனால் இதையும் பறி கடித்த புண் என்றே நினைத்தோம். மஞ்சள் வைத்தாள், தேங்காய் எண்ணெய் வைத்தாள், பறியை வலது பக்கத்துப் பல்லுக்கு மாற்றிக்கொண்டாள். அந்தப் பக்கம் கடித்தும் இந்தப் பக்கத்துப் புண் பெரிதானபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இன்னாய்யா, பறி கடிச்ச புண்ணுக்குலாம் யாராச்சும் டாக்டராண்ட போவாங்களான்னு சிரித்தாள், நானும் கூடச் சிரித்தேன். வெற்றிலையோடு போடுகிற புகையிலையைக் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்ததும் இந்தக் கைதான்.

ஆடியில் நீ அனுப்பிய முதல் முள்சீத்தாப் பழப் பெட்டி வந்தது. நண்டு ஏற்றிக்கொண்டு பட்டணம் போகிற துளசிங்கம்தான் கோயம்பேட்டில் உங்கள் தோட்டத்து லாரியிலிருந்து அதை வாங்கி வந்து கொடுத்தார். பச்சை நிறத்தில் மேலெல்லாம் முள்ளாக இருந்ததைப் பார்த்து, இது இன்னா பேத்த மீன் மாதிரி கீது, எந்தப் பக்கம் கடிக்கறதுன்னு கேட்டாள். பிளந்தால் உள்ளே பஞ்சுபோல வெள்ளைச் சதை. வாயில் வைத்ததும் அன்னாசி போல ஒரு புளிப்பு, அப்புறம் இனிப்பு, விழுங்கும்போது பாலாடை மாதிரி வழவழப்பு. அவள் அப்போது மிளகாய் பட்டாலே துடித்துப்போவாள், பத்து நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். முதலில் புளிப்பு எரிகிறது என்றாள், பாலும் வெல்லமும் சேர்த்துக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தேன், ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். விதை ஆகாது என்று நீ சொன்னபடி ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்தேன். பெட்டியில் பிஞ்சாக இருந்த ஒன்றை இறாலோடு குழம்பு வைத்தேன், பலாப்பிஞ்சு மாதிரி நன்றாகவே இருந்தது. உடம்புக்குத் தெம்பு, வயிறு இளகும், இலையைக் கொதிக்க வச்சிக் குடிச்சா தூக்கம் வரும்னு இங்க சொல்றாங்க நைனா என்றுதான் நீ பெட்டி அனுப்பியபோது துளசிங்கம் போனில் என்னிடம் சொன்னாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். இதைத் தின்றால் வாய்ப்புண் ஆறிவிடும் என்று உன் மகள் சொல்கிறாள் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இன்னும் இரண்டு வாய் தின்னட்டும் என்றுதான் சொன்னேன் கண்ணு, வேறு எந்த நினைப்பும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பழவேற்காட்டில் மருத்துவ முகாம் போட்டார்கள், முட்டி வலிக்கு மாத்திரை வாங்கப் போனவளை ஒரு டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு விடவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். போன வாரம் முடிவு வந்தது. புற்றுநோய். எழுதிவிட்டேன், இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். பழத்தைப் பற்றி அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன், நல்ல பழம்தான் பெரியவரே, கொய்யா மாதிரி அதுலயும் சத்து இருக்கு, ஆனா இந்த வியாதிக்கு அது மருந்து இல்ல, இப்ப வெட்டி எடுத்தா பொழச்சிப்பாங்க, இன்னும் ரெண்டு மாசம் தள்ளிட்டு வந்தா என்கிட்ட எதுவும் கேட்காதீங்கன்னு சொல்லிவிட்டார். உன் அம்மாவோ என் பொண்ணு அனுப்பன மருந்து கீறப்போ கத்தி எதுக்குன்னு பாயில் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நீ பெட்டியில் வைத்த இலையை வேளைக்கு ஒரு சொம்பாகக் கொதிக்க வைத்துக் குடிக்கிறாள். பதினைந்து நாளாகக் கை நடுங்குகிறது, உள்ளங்கைக்குள் வந்த இறாலே நழுவிப் போகிறது. அதிகமாகக் குடித்தால் இலை நரம்பைக் கெடுக்கும், முதலில் அதை நிறுத்து என்று டாக்டரம்மா சொன்னதற்கும் அவள் காது கொடுக்கவில்லை. ஒரு நாள்தான் மனதில் இருந்ததைச் சொன்னாள். தாடைய அறுத்துட்டா பறிய எதுல கடிக்கறதுன்னு கேட்டாள். இடுப்பில் கட்டிக்கொள்ளலாமே என்றேன். அப்படி எவளாச்சும் இறால் புடிச்சிப் பாத்துகீறியான்னு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

கன்னியம்மா மேல் சத்தியம் பண்ணி, அந்த வார்த்தை உன்னுடையது இல்லை, நான் விட்ட புளுகு என்று சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு இஸ்துனு போறதுக்கு இப்போ பொய் சொல்றியான்னு கேட்கிறாள். புளுகைச் சொன்னபோது நம்பினாள், நிஜத்தைச் சொன்னால் பொய் என்கிறாள். சாராயம் குடிக்கவில்லை என்று நான் அவளிடம் சொல்லாத நாள் உண்டா, என்னை எதற்கு நம்புவாள். நீ போனில் சொன்னாலும் நைனா சொல்லிக் குடுத்துப் பேசறா என்பாள். என் மகள் பொய் பேச மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் அவள், நீ நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

வருகிற திங்கள் இல்லை, அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அந்த நாளை விட்டால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று தெரியாது. மேஸ்திரி லீவு தரவில்லை என்றால் சொல்லாமல் ஓடி வந்துவிடு, வேலை இன்னொன்று கிடைக்கும். அவள் தூங்கும்போது கூட நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த வயதில் மகளிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. இங்கே மற்றபடி ஏரியில் தண்ணீர் குறைவு, நண்டு பரவாயில்லை, வீரராகவன் மகள் நந்தினிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, உன்னை விசாரித்தாள்.

நீ நல்லா இருக்கணும், உன் கையும் காலும் நோகாமல் இருக்கணும், கன்னியம்மா உனக்குத் துணை. அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை காலையிலிருந்து பொன்னேரி ஸ்டேஷனில் நிற்பேன், எந்த ரயிலில் வந்தாலும் நான் இருப்பேன். ஒன்றை மட்டும் மறக்காதே. பெற்ற வீட்டுக்கு, அதுவும் படுத்திருக்கிற தாயைப் பார்க்க, பெண் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன் கையில் ஒரு பழம் இருந்தாலும், ஒரு இலை இருந்தாலும், நீ சொல்வதை விட்டுவிட்டு அவள் அதைத்தான் பார்ப்பாள். வெறுங்கையோடு வா, கண்ணு.

இப்படிக்கு,
உன் நைனா
முனியன்