சுண்டுவிரல் பள்ளம்

இலரெட், ஏரியின் கிழக்குக் கரை
மார்ச் 4, 1987

அன்புள்ள அரோட்,

நலம். ஒட்டகப் பாலுக்குக் குறைவில்லை. சோப்புதான் இல்லை, அடுத்த லாரியில் அனுப்பு.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. போன வருடம் நாம் படமெடுத்த ஆதிமனிதக் காலடித் தடங்களில் ஒன்றில் மட்டும் ஐந்து விரலும் தெரியுமே, அதைப் பற்றித்தான். காலை வெயில் சாய்வாக விழும்வரை தூரிகையால் மணலைத் தட்டிக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரல் பள்ளம் அங்கே இருந்ததா, நான் உண்டாக்கிவிட்டேனா? நீதானே வெள்ளைத் துணியைப் பிடித்து வெளிச்சம் காட்டினாய். நினைவிருக்கிறதா?

உன் எபெய்

நைரோபி
மார்ச் 19

அடேய் எபெய்,

வெயில் உன் மண்டையைச் சுட்டுவிட்டது. கண்காட்சி வாசலில் நீ எடுத்த அந்தத் தடத்தின் படம்தான், ஆள் உயரத்துக்கு. ஆய்வுத் தலைவி டாக்டர் முதோனி அதன் முன்னால் நின்று, "நேத்துதான் நடந்துபோன மாதிரி இருக்கு" என்று கண் கலங்கினார். அந்த விரலை வைத்தே கட்டுரையும் எழுதியிருக்கிறார். அந்தத் தடத்துக்கு பிளாஸ்டர் வார்ப்பு எடுக்கவில்லை, உன் படம் ஒன்றே ஆதாரம்.

நான் துணியைப் பார்த்தேன், மண்ணைப் பார்க்கவில்லை. சந்தேகமிருந்தால் தடத்தையே போய்ப் பார். வாயை மட்டும் திறக்காதே. எனக்கு இங்கே வேலை நிரந்தரமாகப் போகிறது.

அரோட்

இலரெட்
ஏப்ரல் 6

அன்புள்ள அரோட்,

போய்ப் பார்த்தேன். மழையும் ஆட்டுக் குளம்பும் எல்லாவற்றையும் கலைத்திருந்தன. ஆடு மேய்த்த ஒருத்தி, "எதத் தேடுறீங்க?" என்றாள்.

"ஒரு கால் தடம்."

"யாரோடது?"

நான் குனிந்து மணலைத் துழாவினேன். "இவ்ளோ கெடக்கே, ஒண்ண எடுத்துக்கோங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் பள்ளம் இருந்தது என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று. அதனால் டாக்டருக்கு எழுதிவிட்டேன், அந்த விரலுக்கு என்னால் சாட்சி சொல்ல முடியாது என்று. உன் பெயரை இழுக்கவில்லை. கோபமா?

எபெய்

நைரோபி
ஏப்ரல் 27

எபெய்,

படத்தை இறக்கிவிட்டார்கள். இறக்கியவன் நான்தான். ஆணியைப் பிடுங்கும்போது டாக்டர் பக்கத்தில் வந்து, "நீயும் கூட இருந்தியே, என்ன பாத்த?" என்றார். ஞாபகமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது.

நீ மண்ணில் விரல் வைத்ததை நான் பார்த்தேன். அதற்கு முன் அங்கே பள்ளம் இருந்ததா என்பதைத்தான் பார்க்கவில்லை. இதை உனக்கு முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை லாரியில் இடம் சொல்லியிருக்கிறேன். உன்னைத் திட்ட வருகிறேனா, உன்னோடு தங்க வருகிறேனா, எனக்கே தெரியவில்லை. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரோட்