அப்பா ரத்தம் கொடுக்க மறுத்த நாட்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே மூடுபனி. நான் வேலை பார்க்கும் லாட்ஜில் பாதி அறை காலி. 204-ல் வெந்நீர் வரவில்லை என்று சண்டை. கீஸர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் பிஜு பேசினான். ரஷ்யாவில் தம்பி சீலனோடு ஒரே படைப்பிரிவில் இருக்கும் கேரளக்காரன். எப்போதும் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பவன்.

"சேச்சி, சீலன் போயிட்டான்."

"எங்க?" என்றேன். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ட்ரோன் வந்ததாம். பிஜுவுக்குக் காலில் அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறான். சீலனை அங்கேயே விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்றாம். அழுதான். லைன் போய்விட்டது.

204-காரர் மறுபடி இறங்கி வந்தார். மெக்கானிக் வந்துட்டே இருக்காரு சார் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

வீட்டில் அப்பா முற்றத்தில் மலைப்பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வது. பிஜுவின் நம்பர் அணைந்து கிடக்கிறது.

சீலன் இங்கே கேட்டரிங் படித்தான். ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் பரோட்டா போட்டான். சீசன் முடிந்தால் வேலையும் முடியும். ஒரு ஏஜென்ட் மூலமாக மாஸ்கோ போனான், இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு. நன்றாகத்தான் இருந்தான். பனியில் நின்று எடுத்த ஃபோட்டோ எல்லாம் அனுப்பினான். கடையை மூடினார்கள், விசா முடிந்தது. ராணுவத்தில் சமையல் வேலை, பிறகு அந்த நாட்டுக் குடியுரிமை என்றார்கள். கையெழுத்துப் போட்டான். அவனுக்குத் தெரிந்த ரஷ்ய மொழி வெங்காயம் வாங்கப் போதும், அவ்வளவுதான்.

சீருடையில் அவன் படம் வந்த அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. ஃபோனை நீட்டினால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிந்ததைப் பார்த்துவிட்டுக் கப்பலேறியவர். "துப்பாக்கி புடிச்சவன நான் கிட்டக்க பாத்திருக்கேன் புள்ள. எம்மவன் அப்பிடி நிக்கிறத பாக்க மாட்டேன்." ஒரே ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான்.

அரிசி, துவரம்பருப்பு, அப்பாவின் பிரஷர் மாத்திரை. மாத்திரையை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

அரசாங்க அலுவலகத்திலிருந்து ஃபோன். தன்மையாகப் பேசினார் அந்த அம்மா. சில உடல்கள் கிடைத்திருக்கின்றன, அடையாளம் தெரியும் நிலையில் இல்லை. ஒன்று சீலனாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அப்பாவின் ரத்தம் வேண்டும், என்னுடையது போதாதாம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எடுப்பார்களாம்.

"வெரசா அனுப்பிருங்கம்மா. அங்க ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டாங்க."

நாளை சுகர் டெஸ்ட் என்று சொல்லிக் கூட்டிப்போய்விடலாம். எடுத்துவிட்டால் போதும். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் வெள்ளனே பஸ். சாரல். அப்பா ஜன்னலோரம். சுகர் டெஸ்ட்டுக்கு எதுக்கு திண்டுக்கல் வரைக்கும் என்று கேட்டார். அங்க மிஷின் நல்லா இருக்கும்பா என்றேன். பெருமாள்மலை தாண்டியது. அவர் டெஸ்ட்டுக்காகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாம்.

அப்பா எழுந்துபோய் டிரைவர் தோளைத் தட்டினார். ஊத்துப் பக்கம் நிறுத்தினார்கள். இறங்கி மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே. செருப்பு வழுக்கியது. ஒரு ஜீப்காரர் ஏற்றிக்கொண்டார்.

வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார். "ரத்தம் குடுக்க மாட்டேன்."

ஜூலை 14, திங்கள்

அலுவலகத்திலிருந்து மறுபடி ஃபோன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

அப்பா தோட்டத்தில் பீன்ஸுக்குக் குச்சி நடுகிறார். முன்பே குச்சி நட்ட பாத்தியில் பிடுங்கி மறுபடி நடுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிறார். ஃபாதர் வந்தார், காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சண்டை போட்டேன். "அவன் அங்க அநாதையா கெடக்கட்டுமாப்பா?"

"ஒத்துப்போச்சுன்னா?"

"அப்பத்தானே கொண்டுவர முடியும்."

"நான் குடுக்காதவரைக்கும் அவன் காணாமப் போனவன். குடுத்துட்டேன்னா செத்தவன். அத எங்கையால நான் செய்யணுமாக்கும்?"

பாத்திரம் கழுவினேன். ஒரு டம்ளரை உடைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

பிஜு பேசினான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோ. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அப்பா அடுப்படி வாசலில் நின்றிருந்தார். நகர்ந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ பாத்தியா?"

"பாத்தேன் அங்கிள்."

"அவந்தானா?"

"பக்கத்துலதான் இருந்தான். தண்ணி கேன் தூக்கிட்டு வந்தோம். ரெண்டு பேரும்."

அப்பா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "யாரையாச்சும் சுட்டானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம் அவன். ஒரு கிழவருக்கு அவ்வளவு செய்தால் என்ன தப்பு.

"சுட்டான் அங்கிள். ஞானும் சுட்டேன். அவங்க சுட்டப்ப. யார் மேல பட்டுச்சுன்னு தெரியாது. அன்னிக்கு முழுக்க சீலன் சாப்பிடலை. எங்கப்பாகிட்ட எப்படிப் பேசுவேன்னு சொல்லிட்டே இருந்தான்."

அப்பா ஃபோனை என்னிடம் கொடுத்தார். தோட்டத்துக்குப் போனார். மழையில் நின்றார். கூப்பிடப் போகவில்லை.

ஜூலை 18, வெள்ளி

அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எனக்கு முன்னால் தயாராக நின்றார். பஸ்ஸில் ஒரே ஒரு பேச்சு. "பொய் சொல்லல பாரு அந்தப் பய. அப்ப அவன் சாப்பிடாம கெடந்ததும் நெசமாத்தான் இருக்கும்."

திண்டுக்கல்லில் வெயில். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் குத்தினார். வலிக்குதா தாத்தா என்று கேட்டார். அப்பா கையை இன்னும் நீட்டினார்.

வத்தலக்குண்டில் டீ. அப்பா பாதி குடித்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒத்துப்போயிற்று.

லாட்ஜில் சென்னைக் குடும்பம், ஆறு பேர், எக்ஸ்ட்ரா பெட் கேட்டார்கள். ஒத்துப்போயிற்று. அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். மம்பட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார், அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் புல் வெட்ட.

செப்டம்பர் 6, சனி

மதுரை விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ். மலையில் மேகம், மெதுவாகத்தான் ஏறினோம். சீல் வைத்த பெட்டி. திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மூஞ்சிக்கல் தெருவில் கடையெல்லாம் சாத்தியிருந்தார்கள். ஏரிக்கரை ஓட்டல் பையன்கள்தான் தூக்கினார்கள். நல்ல கனம். அவ்வளவு கனம் சீலன் இல்லை.

குழிக்குப் பக்கத்தில் இறக்கியதும் அப்பா கேட்டார். "தல எந்தப் பக்கம்?"

பெட்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஆம்புலன்ஸ் டிரைவரைக் கேட்டார்கள், தெரியாது என்றார். ஒட்டியிருந்த தாளில் ரஷ்ய எழுத்து. ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

அப்பா பெட்டியைச் சுற்றி நடந்தார். ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்தார். மறுபக்கம் வந்து வைத்தார். அங்கேயே நின்றுகொண்டார்.

"இதுதான்" என்றார்.

அப்படியே வைத்தோம்.