ஆச்சி துலக்கிய சைலன்சர்

என் பிரியமான மச்சான் காசிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் ஒரு பகல் முழுக்க நான் உன் பேரில் இருந்தேன். பள்ளத்தூர்ச் செட்டியார் வீட்டுப் பிள்ளை ஒருவன் மோட்டார் சைக்கிளோடு பட்டறைக்கு வந்து, "சைலன்சருக்குப் பாலிஷ் போடுற காசி அண்ணே யாரு?" என்றான். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று சொல்ல வாய் வரவில்லை. "நான்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

நம் பட்டறையில் ஒடுக்கு எடுப்பது நான், பளபளப்பு நீ. நீ போனபின் பாலிஷ் வேலை எது வந்தாலும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இவனை அனுப்ப முடியவில்லை.

அவன் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வாங்கிய புது வண்டி அது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் சீர் சாமான் பார்க்க வருகிறார்கள். பரப்பி வைப்பதற்காகக் காலையில் பித்தளைப் பாத்திரமெல்லாம் துலக்கியிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்ற ஆச்சி, அதே கையோடு சைலன்சரையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கிவிட்டார்.

"நல்லாத்தேன் துலக்கியிருக்காக. இதுல குழம்பே வைக்கலாம்போல" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, மாப்பிள்ளைக்கு அம்மான் ஒருத்தர் இருக்காக. ஒவ்வொரு சாமானையும் தடவித் தடவிப் பாப்பாக. 'ஓட்டித் தேஞ்ச வண்டியத் தலையில கட்டுறீகளா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாகன்னா, எங்க அப்பச்சி அந்த எடத்துலயே கல்யாணம் வேணாம்னு சொல்லிருவாக. தங்கச்சி உள்ள அழுதுக்கிட்டு இருக்கு."

குனிந்து பார்த்தேன். முலாம் நெடுக மயிரிழைக் கீறல்கள். தேய்த்தால் போகும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் முலாமே போய், அடியில் இருக்கிற நிக்கல் மஞ்சளாகப் பல்லைக் காட்டும். அப்புறம் எந்தச் சாமியாலும் மறைக்க முடியாது. எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் மச்சான்? உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பக்கத்திலேயே உட்கார்ந்து உன்னைக் கேலி பண்ணினேனே தவிர, இதைக் கேட்கத் தோன்றவில்லையே.

உன் கம்பளித் துணியை எடுத்து, பாலிஷ் மாவைத் தொட்டு, ஒரே போக்கில் தேய்த்தேன். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். குழலில் ஒரு முகம் தெரிய ஆரம்பித்தது. என் முகம்தான், என்ன செய்வது.

எஞ்சினை ஒட்டிய வளைவில் ஒரு கீறல் ஆழம். அதன்மேல் துணியை ஓட்டும்போது நிறம் லேசாக மாறியதுபோல இருந்தது. மஞ்சளா, வெயிலா? கை நின்றுவிட்டது.

"ஏண்ணே நிறுத்திட்டீக?"

"டீ குடிக்கணும்ப்பா" என்றேன். டீ வந்தது, ஆறியது. நான் துணியைத் தொடவே இல்லை.

அந்தக் கீறலோடுதான் வண்டி கிளம்பியது. என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டான். தெருமுனையில் இறங்கிச் சக்கரத்து மண்ணைத் துடைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், கீறல் விழுந்த வளைவு சுவரைப் பார்க்க முகப்பில் நிறுத்தினோம். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நான் நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அந்த அம்மான் டேங்கைத் தடவினார். குனிந்து சைலன்சரில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். வளைவுப் பக்கம் நகர்ந்தவர் என்னைப் பார்த்து நின்றார். பெண்ணைப் பெற்ற அப்பச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க யாரு, வண்டியோட சேத்துக் குடுக்கிறாகளா?"

"வண்டிதேன் ஒங்களுக்கு. நான் சாப்பாட்டுக்கு வந்தவன்" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். "சரி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. சத்தத்தக் கேப்போம்."

கச்சேரி கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். நான் அசையவில்லை. "வண்டி ஜம்முன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு வெள்ளிச் சாமான் பக்கம் போனார். உள்ளே யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி பாலிஷ் வேலையைத் திருப்பி அனுப்ப மாட்டேன். யாராவது காசி எங்கே என்று கேட்டால், காசி இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் துணியை எடுப்பேன்.

அந்தக் கீறல் இப்போது யார் கண்ணுக்கும் தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று நான் நகர்ந்தபோது, என் டெரிலின் வேட்டி வரவில்லை. அதன் கரை சைலன்சர் சூட்டில் நாலு விரல் அகலத்துக்கு உருகி, கீறலின் மேலேயே ஒட்டியிருந்தது.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, இப்போது அவளிடம் வேட்டிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் மச்சான் முருகையா